மடிப்புக் கலையாத ஜெர்சி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ரக்பி லீக் பற்றி ஒரு சின்னக் குறிப்பு வந்திருந்தது. சம்பளம் வாங்கி ஆடுகிறவர்களைப் பற்றி எழுதிவிட்டு, இவர்களாவது காசுக்காக அடிபடுகிறார்கள், வார இறுதியில் சும்மா ஆடுகிறவர்கள் எதற்காக அடிபடுகிறார்கள் என்று கேட்டு முடித்திருந்தீர்கள். நல்ல கேள்விதான். ஆனால் கேட்டதோடு விட்டுவிட்டீர்கள், அதுதான் எனக்குக் குறை. வடக்கு இங்கிலாந்தில், யார்க்‌ஷயரில் சம்பளம் இல்லாமல் ஆடும் ஒரு அமெச்சூர் கிளப்பில் 11 வருடம் ஆடினேன். அப்புறம் 6 வருடமாக அதே கிளப்பில் அணியைக் கூட்டுவது, ஜெர்சி துவைப்பது, யார் வருகிறார் யார் வரவில்லை என்று வெள்ளிக்கிழமை ராத்திரி போன் போடுவது என்று இருக்கிறேன். எனவே பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ரக்பி என்றதும் நம்மில் பலர் 15 பேர் ஆடும் யூனியனைத்தான் நினைக்கிறோம். லீக் வேறு. இதில் ஒரு அணிக்கு 13 பேர், பெஞ்சில் 4 பேர். பந்து கையில் இருக்கும் அணி 6 முறை பிடிபடலாம் (பிடிப்பதை டேக்கிள் என்பார்கள், அந்த ஆறும் சேர்ந்தது ஒரு செட்), ஆறாவது முறையும் பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முறை பிடிபட்டதும் அந்த ஆள் எழுந்து பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்பக்கம் உருட்டிவிடுவார், அதற்குள் தடுக்கும் அணி, எதிரே நிற்கும் மார்க்கர்கள் இரண்டு பேரைத் தவிர, மொத்தமும் 10 மீட்டர் பின்னால் ஓடியிருக்க வேண்டும். பின்னால் ஓடு, முன்னால் பாய், பிடி, விழு, எழு, மறுபடியும் பின்னால் ஓடு. 80 நிமிடம் இதுதான். கபடியில் உள்ளே ஏறி வந்தவனை நாலு பேர் சேர்ந்து அமுக்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதை இடைவிடாமல், பெரிய மைதானத்தில், எதிரெதிரே ஓடிவந்து மோதிக்கொண்டு செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரு ஆட்டத்தை, திங்கட்கிழமை காலை 6 மணிக்கு வேலைக்குப் போகவேண்டிய ஒருவன் சனிக்கிழமை மதியம் ஏன் ஆடுகிறான்? காசுக்காக இல்லை. காசு கொடுப்பதே அவன்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கிளப்புக்கு ஒரு தொகை கட்டுகிறான், பூட்ஸ் அவனுடையது, பெட்ரோல் அவனுடையது, விலா எலும்பு அடிபட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை என்றால் அந்தக் கூலியும் அவனுடைய நஷ்டம்தான்.

இந்தக் கூலி விஷயத்தை நான் சும்மா சொல்லவில்லை. ரக்பி லீக் பிறந்ததே இதனால்தான். வடக்கில் அப்போது ரக்பி ஆடியவர்களில் நிறையப் பேர் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமையும் வேலை நாள். ஆட வந்தால் அன்றைய கூலி போய்விடும். போன கூலியை மட்டுமாவது ஈடுகட்டக் கூடாதா என்று வடக்குக் கிளப்புகள் கேட்டன. முடியாது, காசு தொட்டால் அமெச்சூர் இல்லை என்றது ரக்பி யூனியன் தலைமை. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி, அந்தக் கிளப்புகள் தனியாகப் பிரிந்தன. வேலை நேரத்தை இழந்ததற்கு ஒரு நாளைக்கு 6 ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்று விதி வைத்தார்கள். 1906இல் 15 பேரை 13 ஆக்கினார்கள், ஆட்டம் வேகமானது. இன்று சூப்பர் லீக் என்ற மேல்மட்டத் தொழில்முறைப் போட்டியில் ஆடுகிறவர்கள் வாங்கும் சம்பளம் எல்லாம் அந்த 6 ஷில்லிங்கிலிருந்து வந்ததுதான்.

ஆனால் அதே ஆட்டத்தை, அதே ஊர்களில், ஒரு பைசா வாங்காமல் ஆடுகிறவர்கள் எப்போதும் இருந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அந்த அமெச்சூர் பக்கம் ரொம்பவே மெலிந்து போயிருந்தது. கவனிக்க ஆள் இல்லை என்ற கோபத்தில் 1973இல், அதே ஹட்டர்ஸ்ஃபீல்டில், பார்லா என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிரிட்டிஷ் அமெச்சூர் ரக்பி லீக் சங்கத்தைத் தாங்களே ஆரம்பித்தார்கள். எங்கள் ஆட்டத்தை நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்பதுதான் அதன் சாரம். அந்தக் குணம் இன்னும் கிளப்புகளில் இருக்கிறது. கோடு போடுவது, கொடி நடுவது, டீ போடுவது, முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாமே ஆடினவர்களும் ஆடுகிறவர்களின் அப்பா அம்மாக்களும்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருடத்தில் எங்கள் கிளப்பை விட்டுப் போனவர்களையும், போகாமல் நிலைத்தவர்களையும் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று: தோற்பதால் யாரும் அவ்வளவாகப் போவதில்லை. அடிபடுவதால் போகிறவர்கள்கூடக் குறைவு. தன்னால் இந்த அணிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று ஒருவனுக்குத் தோன்ற ஆரம்பித்ததும்தான் போகிறான்.

என் கதையையே சொல்கிறேன். எனக்கு இரண்டாவது சீசன். தொடர்ந்து ஐந்து வாரம் பெஞ்ச். 17ஆம் நம்பர் ஜெர்சி. முதல் வாரம் கடைசி 10 நிமிடம் இறக்கினார்கள். அப்புறம் அதுவும் இல்லை. எதிரணி மைதானத்துக்குப் போக இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து, உடம்பை ரெடி பண்ணி, எண்ணெய் தேய்த்து, கைவிரலுக்கு டேப் சுற்றி, 80 நிமிடமும் கோட்டுக்கு வெளியே நின்று, மறுபடி இரண்டரை மணி நேரம் பஸ். அந்தக் காலத்தில் எங்கள் ஜெர்சிகளை எல்லாம் ஆட்டம் முடிந்ததும் ஒரு பெரிய பையில் போடுவோம். மற்றவர்களுடையது சேறும் புல்லும் ரத்தமுமாக விழும். என்னுடையது மடித்துக் கொடுத்த மடிப்போடு இருந்தது. அதை அந்தப் பைக்குள் போடும்போது எனக்கு ஏற்பட்ட அவமானத்தை இன்றும் மறக்கவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை, கேலி செய்யவில்லை. கோச் என்னிடம் எதுவுமே பேசவில்லை, அவ்வளவுதான். நான் ஏன் ஆடவில்லை, என்ன குறை, எப்போது வாய்ப்பு, ஒரு வார்த்தை இல்லை. ஆறாவது வாரம் நான் போகவில்லை. ஏன் வரவில்லை என்று ஒரு போன்கூட வரவில்லை.

அடுத்த சீசன் வேறு ஒருவர் கோச்சாக வந்தார். பழைய பட்டியலைப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். பயிற்சிக்குப் போன இரண்டாவது நாள் தனியாக அழைத்துச் சொன்னார்: உனக்கு வேகம் போதாது, பந்து கைமாற்றுவதும் சுமார்தான், ஆனால் நீ விழுந்தால் எல்லாரையும் விடச் சீக்கிரம் எழுகிறாய், அதனால் உனக்கு ஒரே வேலை தருகிறேன், முன்வரிசையில் நின்று மோதும் ப்ராப்கள் களைக்கும் 25ஆவது நிமிடத்தில் உன்னை இறக்குவேன், 20 நிமிடம் நடுவில் நின்று டேக்கிள் பண்ணு, பந்து நம்மிடம் வந்தால் ஒவ்வொரு செட்டிலும் ஒரு தடவையாவது நீ பந்தை வாங்கிக்கொண்டு நேராக ஓடு. இவ்வளவுதான். என்னைப் புகழவில்லை பாருங்கள், வேகம் போதாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். ஆனால் அந்த 20 நிமிடம் என்னுடையது. அடுத்த 9 வருடம் நான் எங்கும் போகவில்லை.

இந்த ஆட்டத்தின் அமைப்பிலேயே அதற்கு இடம் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு செட்டில் 6 டேக்கிள் என்றால், மறுபடி மறுபடி யாராவது ஒருவர் பந்தை எடுத்துக்கொண்டு எதிரணிச் சுவரில் மோதியே தீர வேண்டும். சொந்தக் கோலுக்குப் பக்கத்தில், எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது, அந்த இரண்டாவது ஓட்டத்தை ஓட யாருக்கும் ஆசை இருக்காது. மூன்று பேர் உங்களுக்காகவே காத்திருப்பார்கள், கிடைப்பது 8 மீட்டர். அதில் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்துப் புள்ளி எடுக்கும் ட்ரை வராது, கைதட்டல் வராது, பத்திரிகையில் பெயர் வராது. ஆனால் அதை யார் ஓடினார் என்று கூட ஆடும் 12 பேருக்கும் தெரியும். எழுந்து பந்தை உருட்டிவிட்டு நிற்கும்போது அந்தப் பந்தை எடுக்க வரும் டம்மி ஹாஃப் போகிற போக்கில் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவான். சம்பளம் என்று ஏதாவது உண்டென்றால் அந்தத் தட்டுதான்.

இது என் சொந்த அனுபவம் மட்டும் இல்லை. விளையாட்டு நிர்வாகத் துறையில் உலகம் முழுக்க அறியப்பட்ட ஒருவர் பாக்கியநாதன் செல்லத்துரை, இந்தியாவிலிருந்து கனடா போய்ப் படித்துப் பேராசிரியர் ஆனவர், பின்னால் அமெரிக்காவில் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருந்தார். நம் பக்கத்துப் பெயர் என்பதால் உங்கள் வாசகர்களுக்கு அவரைத் தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆட்டக்காரர்களின் மனநிறைவை அளப்பதற்கென்றே ஹரோல்ட் ரீமர் என்பவரோடு சேர்ந்து 1998இல் ஒரு கேள்வித் தொகுப்பை வெளியிட்டார். 56 கேள்விகள், 15 தலைப்புகள். அணியின் வெற்றி அதில் ஒரு தலைப்பு, அவ்வளவுதான். என் திறமையைப் பயன்படுத்துகிறார்களா, கோச் என்னை எப்படி நடத்துகிறார், பயிற்சி சரியாக இருக்கிறதா, அணியில் எல்லாரும் ஒரே நோக்கத்தோடு உழைக்கிறார்களா, மருத்துவ கவனிப்பு எப்படி, நேர்மையாக ஆடுகிறோமா என்று மீதி எல்லாம் போகிறது. முதல்முறை அந்தப் பட்டியலைப் பார்த்தபோது, 17ஆம் நம்பர் ஜெர்சிக்காரனின் மனதை யாரோ உட்கார்ந்து கேட்டு எழுதியது போல் இருந்தது எனக்கு.

வெற்றி முக்கியமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் பொய். 60-0 என்று மூன்று வாரம் தோற்றால் நாலாவது வாரம் 13 பேரைச் சேர்ப்பதற்குள் எனக்கு வேர்த்துவிடும். ஆனால் 18-16 என்று தோற்ற வாரம் பயிற்சிக்குக் கூடுதலாக இரண்டு பேர் வருவார்கள். தங்களுக்குச் சமமான அணியோடு ஆடி, கடைசி 5 நிமிடம் வரை ஆட்டம் கையில் இருந்தால் ஆட்டக்காரன் திருப்தியாக வீட்டுக்குப் போகிறான். பலமான கிளப் ஒன்று அட்டவணையில் முதலில் நிற்கவேண்டும் என்பதற்காகக் கீழ்ப் பிரிவிலேயே தங்கிக்கொண்டு மற்றவர்களை நொறுக்குவதைப் பார்த்திருக்கிறேன், அதில் நொறுங்கியவர்களுக்கு மட்டும் இல்லை, நொறுக்கியவர்களுக்கும் இரண்டு மாதத்தில் சலித்துப்போனது.

அதைவிட மோசம் ஆட்டமே நடக்காமல் போவது. வாரம் முழுக்க அதை நினைத்துக்கொண்டே வேலை பார்த்திருப்பான், ஷிஃப்ட் மாற்றிக் கேட்டிருப்பான், வீட்டில் சமாதானம் சொல்லியிருப்பான், சனிக்கிழமை காலை 10 மணிக்கு மெசேஜ் வரும், ஆட்டம் ரத்து. முன்பெல்லாம் குளிர்காலத்தில் ஆடும்போது தரை உறைந்துபோகும், இல்லையென்றால் சேற்றுக் குளமாகிவிடும், ஜனவரி முழுக்க ஒரு ஆட்டம்கூட நடக்காத வருடங்கள் எனக்குத் தெரியும். சூப்பர் லீக் 1996இலேயே கோடைக்குப் போய்விட்டது. அமெச்சூரில் மேல் மட்டமான நேஷனல் கான்ஃபரன்ஸ் லீக் 2012இல் மாறியது. அப்போது கிளப்பில் பெரிய சண்டையே நடந்தது. குளிரில் ஆடி வளர்ந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை, எனக்கும்தான். இப்போது சொல்கிறேன், அது நல்ல முடிவு. தரை உலர்ந்திருந்தால் பந்து கையில் நிற்கிறது, ஆட்டங்கள் நடக்கின்றன. ஆனால் ஆகஸ்டில் பாதிப் பேர் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போய்விடுகிறார்கள், எதிரணிக்கு ஆள் இல்லாமல் இப்போது ஆட்டம் ரத்தாகிறது. அதற்கு எங்களிடம் இன்னும் மருந்து இல்லை.

பயணமும் ஒரு தொல்லைதான், கம்ப்ரியாவிலிருந்து ஹல் வரை போய் ஆடும் கிளப்புகள் இருக்கின்றன, ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்கு. ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் பஸ் பயணத்தைப் பற்றிக் குறை சொல்கிறவர்களைவிட, ஆட்டத்தை நிறுத்திப் பல வருடம் கழித்தும் அந்தப் பஸ்ஸில் நடந்ததையே பேசிக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம்.

அடிபடுவதைப் பற்றி உங்கள் குறிப்பில் எழுதியிருந்தீர்கள். அதை நான் லேசாகக் கடந்து போக விரும்பவில்லை. தலையில் அடிபடுவது விளையாட்டல்ல. பிரிட்டனில் 2023இல் அடித்தட்டு விளையாட்டுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு வழிகாட்டுதல் வந்தது: மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே உடனே வெளியே எடுக்க வேண்டும், குறைந்தது 21 நாள் போட்டியில் ஆடக் கூடாது. எங்கள் பையன்களில் சிலர் முதலில் முனகினார்கள். நான் அதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அந்த 21 நாளில் என்ன நடக்கிறது என்பதைக் கிளப்புகள் கவனிக்க வேண்டும். ஆடாத ஆளை யாரும் நினைப்பதில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பான், தலை வலிக்கும், வேலையும் இல்லை, சனிக்கிழமை வரும், போகும். எங்கள் அணியில் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பழக்கம் கொண்டுவந்தோம். அடிபட்டவன் வீட்டுக்கு அந்த வாரமே யாராவது ஒருவர் நேரில் போக வேண்டும், அப்புறம் அவனால் முடிந்தால் ஆட்டத்தன்று வந்து கோட்டோரம் நின்று நோட்டில் டேக்கிள் கணக்கு எழுத வேண்டும். யார் எத்தனை டேக்கிள், யார் எத்தனை விட்டார், அவ்வளவுதான். ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் அந்த நோட்டைச் சுற்றித்தான் நிற்பார்கள். அந்தப் பழக்கம் வந்த பிறகு அடிபட்டு உட்கார்ந்தவர்களில் ஒருவர்கூட எங்களை விட்டுப் போகவில்லை. பெரிய கணக்கு இல்லை, மொத்தம் ஏழு பேர்தான். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் நாலு பேரை இழந்திருந்தோம்.

நடுவர்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். நல்ல நடுவர் வந்தால் இரண்டு அணியும் திருப்தியோடு போகும். கோட்டோரம் நின்று அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டும் பெரியவர்களால்தான் அவர்கள் வராமல் போகிறார்கள். தங்கள் பிள்ளைக்காகக் கத்துவதாக நினைத்துக்கொண்டு பிள்ளையின் ஆட்டத்தையே கெடுக்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் இந்த ஆட்டக்காரர்களைக் கட்டிப்போடுகிறது. சேலஞ்ச் கப் என்று ஒரு கோப்பை, முதல் இறுதிப் போட்டி 1897இல் லீட்ஸில் ஹெடிங்லி மைதானத்தில் நடந்தது, பேட்லி அணி செயின்ட் ஹெலன்ஸை வென்றது. இன்றும் அதன் ஆரம்பச் சுற்றுகளில் அமெச்சூர் கிளப்புகளுக்கு இடம் உண்டு. விகன், லீட்ஸ் போன்ற அணிகள் தூக்குகிற அதே கோப்பைக்கான குலுக்கலில், பகலில் குழாய் மாட்டுகிறவனும் லாரி ஓட்டுகிறவனும் ஆடும் அணியின் பெயரும் இருக்கிறது. எங்கள் கிளப் அதில் தூரம் போனதில்லை. ஆனாலும் குலுக்கல் நடக்கும் ராத்திரி கிளப் அறையில் உட்கார இடம் இருக்காது.

நான் இப்போது மாஸ்டர்ஸ் ஆடுகிறேன். 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது, நியூசிலாந்தில் தொடங்கிப் பரவியது. எந்த வயதுக்காரரை எவ்வளவு பலமாகப் பிடிக்கலாம் என்பது அவர் போட்டிருக்கும் கால்சட்டையின் நிறத்திலேயே தெரியும். 60 தாண்டிய ஒருவர் எங்களோடு வருகிறார், பந்தை வாங்கிக்கொண்டு நாலு அடி ஓடுவார், அதற்காக வாரம் முழுக்கக் காத்திருப்பதாகச் சொல்வார், எனக்கு அவரைப் பார்க்கும்போது உங்கள் குறிப்பின் கடைசி வரி ஞாபகம் வந்தது, அன்று ராத்திரிதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பெரிய இறுதிப் போட்டிகள் வரும்போது எழுதுங்கள், நானும் படிப்பேன். ஆனால் அடுத்த முறை ஒரு நிருபரை ஏதாவது ஒரு அமெச்சூர் ஆட்டத்துக்கு அனுப்புங்கள். ட்ரை போட்டவரிடம் எல்லாரும் போய்ப் பேசுவார்கள். உங்கள் ஆள் 14 முதல் 17 வரை நம்பர் போட்டவர்களிடம் போய், இன்று எத்தனை நிமிடம் ஆடினீர்கள், உங்கள் வேலை என்ன என்று யாராவது முன்கூட்டியே சொன்னார்களா என்று கேட்கட்டும். அந்த நாலு பேர் அடுத்த சீசனும் அங்கே இருப்பார்களா என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். விளையாட்டுப் பயிற்சி கொடுக்கும் வாசகர்கள் யாராவது இதைப் படித்தால், எந்த ஆட்டமாக இருந்தாலும் சரி, இந்த வாரம் பெஞ்சில் உட்காரப் போகிறவரிடம் ஆட்டத்துக்கு முன்பே போய்ப் பேசிவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்